நேட்டோ இராணுவக் கூட்டணியில் சேர விண்ணப்பித்த சுவீடன் ஏன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் காத்திருந்தது?

கிளிநொச்சியில் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். என் மாணவர்களும் இதையே கேட்கிறார்கள்.

நேட்டோவை உருவாக்கிய 1949ஆம் ஆண்டு வட அத்திலாந்திக் ஒப்பந்தத்தின் 10ஆவது உறுப்புரைப்படி, ஓர் ஐரோப்பிய நாட்டை அழைக்க உறுப்பினர் அனைவரும் இணங்க வேண்டும். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகக் கூட்டத்தில் நாலு பேர் முணுமுணுத்தாலும் தீர்மானம் நிறைவேறிவிடும். நேட்டோவிலோ ஒருவர் தலையாட்ட மறுத்தாலே காரியம் நின்றுவிடும்.

அழைத்த பிறகும் ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் சட்டப்படி அதை உறுதிப்படுத்த வேண்டும். பேரம் நடப்பது அங்கேதான். பின்லாந்தும் சுவீடனும் 2022 மே 18 அன்று ஒன்றாக விண்ணப்பித்தன. பின்லாந்து 2023 ஏப்ரல் 4இல் உள்ளே போய்விட்டது. சுவீடனைத் துருக்கி மறித்தது: நாங்கள் பயங்கரவாதிகள் என்று கருதும் குர்து இயக்கத்தினருக்கு இடம் கொடுக்கிறீர்கள் என்பது குற்றச்சாட்டு. சுவீடன் தன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை இறுக்கியது. 2024 ஜனவரியில்தான் துருக்கிப் பாராளுமன்றம் இசைந்தது. கடைசி ஆளான ஹங்கேரி பெப்ரவரியில் வாக்களித்தது. அதற்குச் சில நாள் முன்னர்தான் நான்கு கிரிபென் போர் விமானங்களை அதற்கு விற்கச் சுவீடன் உடன்பட்டிருந்தது. தற்செயல் என்று நான் நம்பவில்லை! மார்ச் 7இல் சுவீடன் 32ஆவது உறுப்பினரானது.

மசிடோனியாவின் பாடு இன்னும் மோசம். அதன் பெயரை ஏற்காத கிரேக்கத்தின் மறுப்பால் 2008இல் வாசலில் நின்ற அந்த நாடு, தன் பெயரையே வட மசிடோனியா என்று மாற்றிக்கொண்டு 2020இல்தான் சேர்ந்தது.