37 நாள் குட்டியும் உங்கள் வாட்ஸ்அப்பும்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். மகளின் பிறந்தநாளுக்காக ஓசூர் பக்கம் ஒரு பிரீடரிடம் லேப்ரடார் குட்டி வாங்கினோம். விலை 38,000 ரூபாய். கே.சி.ஐ. பேப்பர் (கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் இனச் சான்று) தருவதாகச் சொன்னவர் இன்றுவரை தரவில்லை. 2025 நவம்பர் 8, சனிக்கிழமை மதியம் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் மாலை அப்பார்ட்மென்ட் தோட்டத்தில் கேக் வெட்டினோம். செவ்வாய் விடியற்காலை வாந்தி, ரத்தபேதி. ஆஸ்பத்திரியில் பார்வோ என்ற வைரஸ் நோய் என்றார்கள். வெள்ளிக்கிழமை இறந்துவிட்டது. மருத்துவச் செலவு 21,400 ரூபாய். பிரீடர் இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. பிறகு "உங்க வீட்ல வந்த வியாதி" என்று என் கணவரை மரியாதையில்லாமல் பேசினார். இப்போது வேறு குட்டி தருகிறேன் என்கிறார். மகள் சரியாகச் சாப்பிடுவதே இல்லை. போலீஸில் சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். 2 லட்சம் நஷ்டஈடு தராவிட்டால் அவர் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவேன் என்று சொல்லிவிட்டேன். போடலாமா? வழக்கு நிற்குமா?

பதில்: போடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அம்மா, மகள் சாப்பிடாததும், பிரீடர் மரியாதையில்லாமல் பேசியதும், போலீஸ் திருப்பி அனுப்பியதும் வழக்குக்கு உதவாது. கே.சி.ஐ. பேப்பரும் இப்போதைக்குத் துணைக் குற்றச்சாட்டுதான். அது இருந்திருந்தாலும் குட்டிக்குப் பார்வோ வந்திருக்கும். நுகர்வோர் ஆணையம் கேட்கப்போவது ஒன்றே ஒன்று: சனிக்கிழமை மதியம் உங்கள் கையில் தந்தபோதே குட்டியின் உடம்பில் நோய் இருந்ததா?

தேதிகள் உங்கள் பக்கம் இருக்கின்றன. பார்வோ கிருமி உடம்பில் புகுந்து வாந்தி, பேதி தொடங்க பொதுவாக 3 முதல் 7 நாள் ஆகும், சில சமயம் இன்னும் கூடுதலாகும். தோட்டத்தில் கேக் வெட்டியது ஞாயிறு மாலை, குட்டி வாந்தி எடுத்தது செவ்வாய் விடியல். நடுவில் ஒன்றரை நாள்கூட இல்லை. உங்கள் வீட்டு வாசலில் காலெடுத்து வைத்த நேரத்திலிருந்து எண்ணினாலும் மூன்று நாள் நிறையவில்லை. பிரீடரின் வக்கீல் அந்தப் புல்தரை போட்டோவைத்தான் முதலில் நீட்டுவார். நீட்டட்டும், பதில் காலண்டரிலேயே இருக்கிறது.

அடுத்து அவர் பிடிக்கப்போவது தடுப்பூசி. நீங்கள் அனுப்பிய கார்டில் நவம்பர் 5 என்று முதல் டோஸ் எழுதியிருக்கிறது. ஊசி போட்ட சில நாட்களுக்கு, பார்வோவைக் கண்டறியும் கிட் டெஸ்ட் ஊசியாலேயே பாசிட்டிவ் காட்டக்கூடும், அதனால் "வந்தது நோயே இல்லை, ஊசியின் எதிரொலி" என்று வாதிடுவார்கள். அந்த வாதத்தை முறிப்பது, சிகிச்சை செய்த டாக்டரின் ஒரு பக்கக் கடிதம்: எந்த நேரத்தில் கொண்டுவந்தீர்கள், அறிகுறிகள் எப்போது தொடங்கின, ரத்தத்தில் வெள்ளை அணு எவ்வளவு குறைந்திருந்தது, கிட் முடிவு என்ன. அடையாளத்துக்காகத் தோலடியில் வைக்கும் மைக்ரோசிப் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து இல்லையென்று பார்த்திருந்தால் அதையும் எழுதி வாங்குங்கள். குட்டியைப் புதைத்தாகிவிட்டது, போஸ்ட்மார்ட்டம் இல்லை என்கிறீர்கள். அது போனது போனதுதான். இந்தக் கடிதம் கையில் இருந்தால் பெரிய குறையில்லை.

கார்டை நான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஊசி மருந்துக் குப்பியின் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டிய கட்டம் காலி. டாக்டர் முத்திரை இல்லை, பதிவு எண் இல்லை. வயிற்றுப் பூச்சி மருந்தின் இரண்டு தேதிகளும் ஊசித் தேதியும் ஒரே பேனாவில், ஒரே உட்காரலில் எழுதின மாதிரி இருக்கின்றன. ஊசி போட்டதே சந்தேகம் என்றால் அந்த வாதமும் ஆட்டம் காணும். ஒரிஜினலை லேமினேட் செய்யாமல் அப்படியே வையுங்கள்.

சட்டம் சுருக்கமாக. நாயைச் சரக்கு என்றால் உங்கள் மகளுக்குக் கோபம் வரும், ஆனாலும் விற்பனைச் சட்டத்தின் கண்ணில் அது அசையும் சொத்துதான். ஆகவே நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பிரீடர் ஓசூரில் இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம், கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டாம். விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. இரண்டு வருடக் கெடு இருக்கிறது. பணம் கணவர் கணக்கிலிருந்து போயிருப்பதால் மனு அவர் பெயரில் இருக்கட்டும்.

நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த 2017 விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. பிரீடரே உங்களுக்கு எழுதியபடி பிறந்தது அக்டோபர் 2. அப்படியானால் கைமாறிய அன்று 37 நாள். இது நல்ல பிடி. விலங்கு நல வாரியத்துக்குப் புகார் எழுதுங்கள், தப்பில்லை. ஆனால் அதிலிருந்து பணம் வரும் என்று நினைக்காதீர்கள். இந்த விதிகளின் தாய்ச்சட்டமான விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ஆம் வருடத்தது. விதியை மீறினால் மூன்று மாதம் வரை சிறை அல்லது அதிகபட்சம் 100 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். பிழையாக அச்சாகவில்லை, நூறு ரூபாய்தான்.

சரி, இனி உங்கள் போனுக்கு வருகிறேன். எனக்குக் கவலை அங்கேதான்.

முதலாவது, ஜிபே. 38,000-ல் 10,000 மட்டும் ஜிபேயில் போயிருக்கிறது, அதுவும் பிரீடரின் மனைவி நம்பருக்கு. குறிப்பில் "அடாப்ஷன்" என்று இருக்கிறது. அவர் சொல்லித்தான் போட்டீர்கள், தெரியும். பில் கொடுக்காத பிரீடர்கள் பலர் இப்படித்தான் போடச் சொல்வார்கள். நாளைக்கு "நான் விற்கவே இல்லை, தத்துக் கொடுத்தேன், பத்தாயிரம் தீனிச் செலவு" என்று நிற்பார். விலை இல்லாவிட்டால் நுகர்வோர் இல்லை, நுகர்வோர் இல்லாவிட்டால் வழக்கே இல்லை. நல்லவேளை, அக்டோபர் 30 அன்று "38 ஃபைனல், பேப்பரோட" என்று அவர் எழுதிய மெசேஜ் இருக்கிறது. அந்த வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக எக்ஸ்போர்ட் செய்து வையுங்கள். மீதி ரொக்கம் 28,000-ஐ ஏ.டி.எம்.மில் எடுத்திருந்தால் பாஸ்புக் பக்கத்தையும் சேருங்கள்.

இரண்டாவது, நீங்கள் எனக்கு அனுப்பாமல் விட்டு, கணவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் வந்துவிட்ட ஒரு வரி: "அண்ணா, வயசு பரவால்ல, ஒம்பதாம் தேதி பர்த்டே, எப்படியாவது குடுத்துடுங்க." இதை அழிக்க நினைத்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். அவர் போனில் அது அப்படியே இருக்கும். நீங்கள் அழித்ததும் தெரிந்தால், உங்கள் மற்ற தேதிகளையும் ஆணையம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். எட்டு வாரக் கட்டுப்பாடு விற்பவர்மேல் உள்ளது, வாங்குபவர் பரவாயில்லை என்றதால் அது நீங்காது. ஆனால் மன உளைச்சலுக்கு 2 லட்சம் கேட்டு நிற்கும்போது இந்த வரியை வாசித்துக் காட்டுவார்கள். அந்த 2 லட்சத்தை இன்றே மறந்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் ஆபத்து. நவம்பர் 15 இரவு 11.40-க்கு நீங்கள் அனுப்பிய ஆடியோவைக் கேட்டேன். "ரெண்டு லட்சம் வரலைன்னா உங்க மூஞ்சி ஊர் முழுக்கத் தெரியும்." அழுதுகொண்டே சொல்கிறீர்கள், புரிகிறது. எழுத்தில் இறக்கினால் அழுகை தெரியாது. பணம் கொடு, இல்லையென்றால் உன் பெயரைக் கெடுப்பேன் என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 308-ஆம் பிரிவில் மிரட்டிப் பணம் பறித்தல் என்று புகார் கொடுக்கப் போதுமான வாசகம். பணம் கைக்கு வந்துவிட்டால் ஏழு வருடம் வரை தண்டனை உள்ள பிரிவு, மிரட்டலோடு நின்றாலே இரண்டு வருடம் வரை. கடைசிவரை நிற்குமா என்பது வேறு கேள்வி. ஸ்டேஷனில் உங்களை உட்கார வைக்க அது நிற்க வேண்டியதில்லை. மேலே படத்தையும் போட்டுவிட்டால் 356-ஆம் பிரிவில் அவதூறும் சேரும்.

சில வருடங்களுக்கு முன் இதே ஊரில் எனக்கு ஒரு கட்சிக்காரர். 28,000 ரூபாய்க்கு வாங்கிய பக் இன நாய்க்குட்டி, பில்லோடு. என் மேஜைக்கு அப்படிச் சுத்தமான கேஸ் அபூர்வமாகத்தான் வரும். நோட்டீஸ் போன வாரமே அந்த அம்மாள் பிரீடரின் படத்தைப் போட்டு "கொலைகாரன்" என்று எழுதிவிட்டார். நோயுள்ள குட்டியை விற்றார் என்பதை நிரூபிக்கலாம். கொலைகாரன் என்பதை எப்படி நிரூபிப்பது? அந்தப் பிரீடர் தன் ஊர் கோர்ட்டில் அவதூறு வழக்குப் போட்டார். நுகர்வோர் வழக்கில் வாதியாக இருந்தவர் அங்கே குற்றம் சாட்டப்பட்டவராக வாய்தா வாய்தாவாக நின்றார். கடைசியில் இரண்டு பக்கமும் வாபஸ், கூடவே ஒரு மன்னிப்புக் கடிதம். எழுதியது என் கட்சிக்காரர். டாக்ஸிக்குக் கொடுத்தது 28,000-ஐத் தாண்டியிருக்கும்.

இதே குற்றச்சாட்டை ஆணையத்திலோ விலங்கு நல வாரியத்திலோ நல்லெண்ணத்தோடு சொன்னால் அவதூறு ஆகாது, சட்டத்திலேயே அதற்கு விலக்கு உண்டு. இன்ஸ்டாகிராமுக்கு அந்த விலக்கு கிடையாது.

அப்புறம், மாற்றுக் குட்டி. வேண்டவே வேண்டாம். பார்வோ கிருமி வீட்டுத் தரையிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். வரும் குட்டியும் படுத்தால் இந்தமுறை தேதிக்கணக்கு அவர் பக்கம் சாயும். அதோடு மாற்றுக் குட்டி வாங்கிய அன்றே பழைய கணக்கு தீர்ந்தது என்பார்.

என் யோசனை சமரசம். 38,000-மும் 21,400-மும் சேர்த்து 59,400 கேட்டு, தேதிகளை மட்டும் வரிசையாக வைத்து, பதினைந்து நாள் கெடுவோடு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பச் சொல்லுங்கள். அதில் போலீஸ், இன்ஸ்டாகிராம், மகள் மூன்றும் வரக்கூடாது. அதற்கு முன் இன்றே அவருக்கு ஒரு மெசேஜ்: "15-ஆம் தேதி கோபத்தில் பேசியதைத் திரும்பப் பெறுகிறேன், எதையும் வெளியிடப் போவதில்லை, பணத்தைத் திருப்பித் தருவது பற்றிப் பேசலாம்." அவ்வளவுதான். அதற்குமேல் அவர் ஆடியோ அனுப்பினாலும் நீங்கள் எழுத்தில் மட்டும் பதில் சொல்லுங்கள்.

அவர் திடீரென்று கணக்கில் ஒரு பத்தாயிரத்தைப் போட்டுவிட்டு "செட்டில்டு" என்று எழுதினால் கட்டைவிரல் எமோஜி போட்டுவிடாதீர்கள். "10,000 பகுதித் தொகையாகப் பெற்றேன், மீதி நிலுவை" என்று அன்றைக்கே பதில் போடுங்கள்.

வழக்கு என்று போனால் மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைப்போல் சில மடங்கு வையுங்கள். அவர் 50,000 என்றால் ஒரு பக்க ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள். 40,000-க்குக் கீழே இறங்கினால் எனக்கு எழுதுங்கள், மனுவைப் போட்டுவிடலாம்.