அந்த உறை யார் பெயருக்கு வந்தது?

கேள்வி: எனக்கு 44 வயது. கடலூரில் பெண்ணையாற்றுப் பக்கம் குடியிருக்கிறோம். கணவர் வண்டி வைத்து மீன் வியாபாரம் செய்தார். 2022-ல் மாமியார் பெயரில் இருக்கும் வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்து வங்கியில் 8 லட்சம் கடன் வாங்கினோம். தொழில் நொடித்துவிட்டது. இப்போது அவர் இன்னொருவரிடம் டிரைவர். நான்கு மாதமாகத் தவணை கட்டவில்லை. இந்தக் கட்டிலிருந்து கர்த்தர் விடுதலை தருவார் என்று முழுமனதாக விசுவாசிக்கிறேன். வெள்ளிதோறும் உபவாசம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம். 2024 டிசம்பர் வெள்ளத்திலேயே எங்களைக் காப்பாற்றியவர் இதிலும் கைவிடமாட்டார். ஐந்து வாரத்துக்கு முன் மாமியார் பெயருக்கு வங்கியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அவர் மனம் கஷ்டப்படும் என்று நானே கையெழுத்துப் போட்டு வாங்கி, பிரிக்காமல் என் வேதத்தில் 91-ம் சங்கீதத்துக்குள் வைத்து ஜெபித்து வருகிறேன். ஆனாலும் பதில் இல்லை. என் விசுவாசத்தில் குறை இருக்கிறதா? இன்னும் எவ்வளவு நாள் காத்திருக்கவேண்டும்?

- பெயர் வெளியிட விரும்பாத சகோதரி, கடலூர் (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: விசுவாசத்தில் குறை இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை அளக்கிற தராசு என்னிடம் இல்லை. இருந்தாலும் எடுக்கமாட்டேன். உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கத்துக்கு உபவாசம், ஜெபம், வாக்குத்தத்த வசனங்கள். மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில் ஒரு வரி: மாமியார் பெயருக்கு வந்த தபாலை நீங்கள் வாங்கிப் பிரிக்காமல் வைத்திருக்கிறீர்கள். அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. மீதியை அப்புறம் பேசலாம். பேசாமலே போனாலும் பரவாயில்லை.

கையெழுத்துப் போடத் தெரிந்த கைக்கு உறையைப் பிரிக்கத் தெரியவில்லையா அம்மா?

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்து மூன்று மாதம் ஜெபித்த ஒரு அம்மா எழுதியிருந்தார். கோர்ட் சம்மனைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு உபவாசம் இருந்தவரும் எழுதியிருக்கிறார். எல்லோரும் சாட்சிக்கு இழுப்பது ஒரே ஆளைத்தான். நீங்களும் இரண்டாம் பக்கத்தில் அவரை இழுத்திருக்கிறீர்கள்: எருசலேமை ஆண்ட எசேக்கியா ராஜா. அசீரியா ராஜா அனுப்பிய மிரட்டல் நிருபத்தை எசேக்கியா ஆலயத்துக்குக் கொண்டுபோய்க் கர்த்தருக்கு முன்பாக வைத்தான், ஒரே இரவில் தேவதூதன் கையால் அசீரியர் 1,85,000 பேர் விழுந்தார்கள், என் கடிதத்துக்கும் அப்படியே நடக்கும் என்கிறீர்கள்.

இரண்டு இராஜாக்கள் 19-ம் அதிகாரம், 14-ம் வசனம். வேதம் கையில்தானே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். எசேக்கியா அந்த நிருபத்தை வாங்கி வாசித்தான். அதற்குப் பின்புதான் ஆலயத்துக்குப் போய் அதைக் கர்த்தருக்கு முன்பாக விரித்தான். வாசித்தான், விரித்தான். நீங்கள் இரண்டையும் செய்யவில்லை. மூடி வைத்த உறையைக் காட்டிக் கர்த்தரிடம் என்ன கேட்கிறீர்கள்? அவன் ஜெபத்தைக் கவனியுங்கள். அசீரியர் எத்தனையோ தேசங்களைப் பாழாக்கியது மெய்தான் என்று முதலில் ஒப்புக்கொள்கிறான். எதிராளியின் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கேட்ட ஜெபம் அது. உங்களுக்குப் பாக்கி எவ்வளவு, கெடு எந்தத் தேதி என்றாவது தெரியுமா? நான்கு பக்கத்தில் கடனைப் பற்றி அசல் தொகையும் தவணை நின்ற மாதக் கணக்கும் தவிர வேறு எண்ணே இல்லை.

அந்த எசேக்கியா சும்மாவும் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு நாளாகமம் 32-ஐப் பாருங்கள். ஊருக்கு வெளியே இருந்த ஊற்றுகளைத் தூர்த்தான், இடிந்த மதிலைக் கட்டினான். தண்ணீரை நகரத்துக்குள் கொண்டுவரப் பாறையைக் குடைந்தான். அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தச் சுரங்கம் எருசலேமில் இன்றைக்கும் இருக்கிறது, முழங்கால் தண்ணீரில் நடந்து போகிறார்கள். பிரசங்கங்களில் தேவதூதன் வருகிற அளவுக்கு இந்தக் கடப்பாரை வேலை வருவதில்லை.

அப்புறம் அந்த 91-ம் சங்கீதம். உன்னதமானவரின் மறைவில் இருக்கிறவனைப் பற்றித்தான் அது பேசுகிறது. மறைவில் இருக்கவேண்டியது நீங்கள். வங்கிக் கடிதத்தை எதற்கு அதற்குள் ஒளித்தீர்கள்? இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இதே சங்கீதத்தைப் பிசாசானவன் இயேசுவிடமே சொல்லிக்காட்டினான். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்கிக்கொள்வார்கள் என்றான். அவர் குதிக்கவில்லை. அவன் சொன்ன வசனத்தில் பிழை கிடையாது. கீழே இறங்கப் படி இருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளத்தைப் பற்றி நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதற்கு வருகிறேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து ஏகப்பட்ட தண்ணீரைத் திறந்துவிட்டார்கள், பெண்ணையாறு பொங்கியது. அன்றைக்கு ராத்திரி அறிவிப்பு வந்ததும் அரிசி மூட்டையையும் சிலிண்டரையும் பக்கத்து மாடிக்கு ஏற்றினீர்கள். பத்திரங்களைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டினீர்கள். மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனீர்கள். போகும்போதே ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனதாக எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னதைக் காதில் வாங்கமாட்டேன், கேட்டால் விசுவாசம் குறைந்துவிடும் என்று அன்றைக்கு நீங்கள் சொல்லவில்லையே. அன்றைக்குக் காப்பாற்றியது கர்த்தர்தான், நானும் ஒத்துக்கொள்கிறேன். நாற்காலியைத் தூக்கியது யார் கை? அதே கை இப்போது ஒரு உறையைக் கிழிக்கப் பயப்படுகிறது.

சரி, இதுவரை சொன்னது பாதி. மீதிப் பாதிதான் எனக்கு உறுத்துகிறது. அந்த உறை உங்களுடையதே இல்லை. உறைமேல் இருப்பது உங்கள் மாமியார் பெயர், அடமானத்தில் இருப்பது அவர் வீடு. மகன் கேட்டான் என்று 71 வயதில் வங்கிக்கு வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷி அவர். ‘அவர் மனம் கஷ்டப்படும்’ என்கிறீர்கள். கடன் வாங்கும்போது அவர் பெரியவர், கையெழுத்துக்கு உரியவர். திருப்பிக் கட்ட முடியாதபோது மட்டும் குழந்தை ஆகிவிட்டாரா? ஒரு நாள் காலையில் வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிற ஆளிடமிருந்து அவருக்கு விஷயம் தெரியட்டும் என்றா வைத்திருக்கிறீர்கள்?

மாமியாருக்கு மருமகள் பயப்படவேண்டும் என்று நினைக்கிற ஆள் நான் கிடையாது. ஆனால் வீட்டுப் பெரியவர்களுக்கு மருந்தும் சோறும் கொடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் மறைப்பதைப் பராமரிப்பு என்று என்னால் சொல்ல முடியாது. தன் வீட்டாரை விசாரியாமல் போகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினாரே, அந்த ‘விசாரிப்பு’க்குள் இதுவும் வரும். இன்னொரு விஷயம். அவருக்கு இது தெரியாது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக இருக்கிறீர்கள்? கண்புரை ஆபரேஷன் முடிந்து இப்போது பேப்பரை ஒரு எழுத்து விடாமல் படிக்கிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தபால்காரர் வாசலில் யார் பெயரைக் கூப்பிட்டார் என்று கேட்காத கிழவியை நான் கடலூரில் இதுவரை பார்த்ததில்லை. அவரும் உங்கள் மனம் கஷ்டப்படும் என்று பேசாமல் இருக்கிறாரோ என்னவோ.

என் அப்பா உபதேசியார். ஐந்து பிள்ளைகள், கையில் எப்போதும் கடன். ராத்திரி குடும்ப ஜெபத்துக்குப் பாய் விரித்ததும், வேதத்தைத் திறப்பதற்கு முன் சட்டைப்பையிலிருந்து அடகுச் சீட்டை எடுத்து விளக்குப் பக்கத்தில் வைப்பார். நான்காக மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன சீட்டு. அதை விரல்நுனியால் நீவிவிட்டு, ‘அம்மா சங்கிலி, 340 ரூபாய். ரெண்டு மாசம் வட்டி கட்டலை. ஆடிக்குள்ள திருப்பலைன்னா மூழ்கிடும்’ என்று எங்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படிப்பார். அப்புறம்தான் ஜெபம். எங்களுக்கு வெட்கமாக இருக்கும். சங்கிலி மீண்டதா என்றால், இல்லை, மூழ்கித்தான் போயிற்று. ஆனால் போன அன்று எங்கள் வீட்டில் யாரும் அதிர்ந்துபோகவில்லை. அம்மா தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துப் போட்டுக்கொண்டு உலை வைக்கப் போனார். அண்ணன் அந்த வாரமே ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கச் சேர்ந்தான், யாரும் சொல்லாமலே.

இனி வேலையைச் சொல்கிறேன். இன்றைக்கே மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து உறையை அவர் கையில் கொடுங்கள். இத்தனை நாள் மறைத்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். அவரே பிரிக்கட்டும்.

உள்ளே வெறும் பாக்கி நினைவூட்டலாகவும் இருக்கலாம். ஆனால் 90 நாளுக்கு மேல் தவணை நின்றால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்த்துவிடும். அதற்குப் பின் வருகிற நோட்டீஸில் 2002-ம் வருடத்துச் சர்ஃபாசி சட்டம், பிரிவு 13(2) என்று போட்டிருக்கும். அப்படி இருந்தால் நோட்டீஸ் தேதியிலிருந்து 60 நாள் கெடு. அதற்குள் பாக்கியைத் தீர்க்காவிட்டால், கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கையகப்படுத்தும் வேலையை வங்கி தொடங்க முடியும். அந்த 60 நாளுக்குள் எழுத்தில் உங்கள் ஆட்சேபணையைக் கொடுத்தால் 15 நாளில் காரணத்தோடு பதில் சொல்ல வங்கி கடமைப்பட்டது. வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கு விவரம் கேளுங்கள். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்ட வழி இருக்கிறதா, மொத்தமாகப் பேசி முடிக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். மேனேஜர் முகம் கொடுக்காவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். 1987-ம் வருடத்துச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், அங்கே இலவச சட்ட உதவி உண்டு. நீங்களும் பெண், மாமியாரும் பெண். எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 15100-க்குப் போன் போடுங்கள்.

வங்கிக்குத் தனியாகப் போகாதீர்கள், கணவரையும் இழுத்துக்கொண்டு போங்கள். ‘நீ ஜெபம் பண்ணு, எல்லாம் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாராமே. அம்மாவின் வீட்டை அடமானம் வைத்த மகன் அவர். ஜெபத்தை மனைவிக்குக் கான்ட்ராக்ட் விட்டுவிட்டு அவர் எங்கே போகிறார்? ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.

இன்னொன்று, நீங்கள் நான்காம் பக்கத்தில் எழுதியது. விடுதலைக்காகப் பொருத்தனை செய்து ஒரு ஊழியத்துக்கு மாதம் 2,000 ரூபாய் அனுப்புகிறீர்கள். தவணை நிற்கிற நான்கு மாதமும் அது மட்டும் நிற்கவில்லை. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டியதைக் கொர்பான், காணிக்கை என்று சொல்லித் தட்டிக்கழித்தவர்களை இயேசு என்ன சொன்னார் என்று மாற்கு 7-ல் இருக்கிறது, அதை விளக்க நான் தேவையில்லை. கடன் தீருகிறவரை அந்தப் பணம் வங்கிக்குப் போகட்டும். ஊழியக்காரர் வருத்தப்பட்டால் என் முகவரியைக் கொடுங்கள்.

வெள்ளிக்கிழமை உபவாசத்தை விடச் சொல்லவில்லை. ஆனால் ஜெபக்கூட்டத்தில் ‘ஒரு காரியத்துக்காக ஜெபியுங்கள்’ என்று மட்டும் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் தொகையையும் தேதியையும் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் ரிட்டயர்டான வங்கிக்காரர் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். ஒரு காரியம் என்றால் அவர் கண்ணை மூடிக்கொள்வார். வீட்டுக் கடன் நோட்டீஸ் என்றால் கூட்டம் முடிந்ததும் உங்களிடம் வந்து பேசுவார்.

கடைசியில், இன்னும் எவ்வளவு நாள் என்று கேட்டீர்கள். ஐந்து வாரம் என்றால் 35 நாள். உங்கள் கடிதம் எனக்கு வந்து சேர ஆறு நாள் ஆயிற்று. இந்த இதழ் அச்சாகிக் கடைக்கு வர இன்னும் 14 நாள் ஆகும். மொத்தம் 55. நோட்டீஸ் தேதி அதற்கும் முந்தியது. அதனால் இதன் நகலை இன்றைக்கே உங்களுக்குத் தபாலில் போட்டுவிட்டேன். உறைமேல் உங்கள் பெயர்தான் எழுதியிருக்கிறேன், பிரியுங்கள்.