ஐந்து நாளாக ஒரு வரியும் இல்லை – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அயர்லாந்திலிருந்து எழுதுகிறேன். நீங்கள் தங்கியிருந்ததாக ஒரு கட்டுரையில் சொல்லியிருந்தீர்களே, அதே அன்னாமகெரிக் வீடு, எழுத்தாளர்களும் கலைஞர்களும் தங்கி வேலை செய்கிற இடம். மோனஹன் கவுண்டி, நியூபிளிஸ் கிராமத்துக்குப் பக்கம். உங்கள் கட்டுரையைப் படித்துத்தான் விண்ணப்பித்தேன். ஒரு மாதம் கிடைத்திருக்கிறது.

டப்ளினில் இறங்கி, பஸ் பிடித்து மோனஹன் வந்து, அங்கிருந்து டாக்ஸி. குறுகலான ரோடு, இரண்டு பக்கமும் வேலி, எங்கே பார்த்தாலும் மாடு. மரங்கள் விலகி ஏரியும் வீடும் சேர்ந்து தெரிந்ததும் அழுகை வந்துவிட்டது. மணி இரவு ஒன்பது, ஆனால் வெளிச்சம் அப்படியே இருந்தது.

இன்று ஐந்தாவது நாள். ஒரு வரிகூட எழுதவில்லை. என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் புரியும். கோவில்பட்டியில் ஒரு கடன் சங்கத்தில் கவுண்டர் வேலை. பதினோரு வருடம் ஆகிறது. இரண்டு பிள்ளைகள். காலை நாலரைக்கு எழுந்து, ஐந்தே முக்கால் வரை எழுதுவேன், அப்புறம் சமையல். மீதியெல்லாம் பஸ்ஸில் போனில் தட்டியது, வவுச்சர் பின்பக்கத்தில் கிறுக்கியது. ஆறு வருடமாக இப்படித்தான் ஒரு நாவல் சேர்ந்துகொண்டிருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து அட்டை வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிய பெண்களைப் பற்றி. என் அம்மா அதில் ஒருத்தி.

இங்கே முழு நாளும் எனக்கே எனக்கு. சன்னல் ஓரம் மேசை, எதிரே ஏரி. உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. குக்கர் விசில் இல்லாமல் எனக்கு வாக்கியம் வராதோ என்று தோன்றுகிறது. துணி துவைக்கிறேன், அறையைப் பெருக்குகிறேன். ராத்திரி பன்னிரண்டுக்கு டாண் என்று முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கம் இல்லை. சம்பளமில்லாத லீவு போட்டு வந்திருக்கிறேன், பிள்ளைகளை அத்தை பார்த்துக்கொள்கிறார். பணம் கொடுத்து என்னை இங்கே வைத்திருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? இன்னொன்று, ஏழு மணிக்கு எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்கிறார்கள். என் இங்கிலீஷுக்கு அது பயமாக இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று அறையிலேயே இருந்துவிடலாமா?

ச.

*

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் அவசரம். ஏழு மணிச் சாப்பாட்டுக்குப் போங்கள். ஒரு நாளும் விடாதீர்கள். காலையும் மதியமும் யார் எப்போது என்ன சாப்பிட்டாலும் அந்த வீடு கேட்பதில்லை, ராச்சாப்பாடு மட்டும் ஒன்றாக என்பது அங்கே தொடக்கத்திலிருந்து இருக்கிற வழக்கம். பகல் முழுக்கத் தனியாக இருந்துவிட்டு மேசைக்கு வருகிறவர்கள் எல்லாருமே கொஞ்சம் வாய் குழறித்தான் வருகிறார்கள், இங்கிலீஷ் தாய்மொழியாக இருந்தாலும். என்ன எழுதுகிறாய் என்று கேட்டால், "என் அம்மா தீப்பெட்டி ஒட்டினார், அதைப் பற்றி" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். அடுத்த அரை மணி நேரம் அவர்களே கேள்வி கேட்பார்கள். குரோஸ் என்ற கணக்குக்கு எத்தனை பெட்டி, கூலி எவ்வளவு, பசை எதில் காய்ச்சுவார்கள் என்று கேட்கும்போது உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்கிற இங்கிலீஷ் தானாக வரும்.

நான் இருந்தபோது ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம், தமிழில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். யாருக்கும் ஒரு சொல் புரியாது. நான் வாசித்தேன். மூன்றாவது பத்தியில் ஒரு இடம் சத்தமாகவே செத்துக் கிடப்பது என் காதுக்கே கேட்டது. அர்த்தம் தெரியாத எட்டுப் பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாசித்தால் ஓசை ஒன்றுதான் மிஞ்சுகிறது, ஒளிய இடமில்லை. மறுநாள் அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன். தமிழ் தெரிந்த நண்பர்கள் பல பேர் அதைப் படித்து நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள்.

சரி, பதில் சொல்ல வேண்டிய கணக்கு. அந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனவர் டைரோன் கத்ரி. 1900-ல் பிறந்த நாடக இயக்குநர், உலகம் சுற்றியவர். கனடாவில் ஸ்ட்ராட்ஃபோர்ட் நாடக விழா 1953-ல் தொடங்கியபோது அதை முன்னின்று நடத்தினார், அமெரிக்காவில் மினியாபொலிஸில் 1963-ல் திறந்த அரங்கு இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் அம்மா வழியில் வந்த இந்த வீட்டுக்குத் திரும்பித் திரும்பி வந்தவர், 1971-ல் இங்கேயே இறந்தார். பிள்ளைகள் இல்லை. கலைஞர்கள் வந்து வேலை செய்யட்டும் என்று வீட்டை அயர்லாந்து அரசுக்கு எழுதிவைத்தார். 1981-ல் திறந்தார்கள். அது, வட அயர்லாந்தை ஒட்டிய அந்த எல்லைப் பகுதியில் எவ்வளவு மோசமான வருடம் என்று அந்த ஊர்க்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சொல்வார்கள். வட அயர்லாந்துச் சிறையில் உண்ணாவிரதமிருந்த பத்துப் பேர் இறந்தது அந்த ஆண்டுதான், அதில் ஒருவர் சிறையில் இருந்தபடியே இதே கேவன்–மோனஹன் தொகுதியில் தேர்தலில் ஜெயித்தவர். இப்போது அந்த வீட்டுக்கு எல்லையின் இரண்டு பக்கத்துக் கலை மன்றங்களும் பணம் தருகின்றன.

கத்ரியைப் பற்றி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் நாடகம் அல்ல, ஜாம். ஊர்ப் பிள்ளைகள் வேலை தேடிக் கப்பலேறுவதைப் பார்த்துப் பார்த்து, நியூபிளிஸில் ஒரு ஜாம் தொழிற்சாலை தொடங்கினார், 1960-களில். நிற்கவில்லை. மூடிவிட்டார்கள். கிராமத்துக்கு அவர் செய்ய நினைத்தது அது, அதுதான் முடியாமல் போனது, வீடு மட்டும் தங்கியது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டில் ஐந்து நாள் ஒன்றும் எழுதாமல் இருக்கிற ஒருத்தியை அவர் கணக்குக் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று அங்கே யாரும் எடைபோடுவதில்லை. பெட்டிக்கு இவ்வளவு என்று எடைபோட்ட உலகத்திலிருந்து நீங்கள் போயிருக்கிறீர்கள், அதனால் கை தானாகக் கணக்குப் பார்க்கிறது. எனக்கும் இருந்தது. முதல் வாரம் முழுக்க அடுத்தவர் குடித்த டீ கப்பையெல்லாம் கழுவினேன். சமையலறையில் வேலை செய்த அம்மா ஒருநாள் என் கையிலிருந்து கப்பை வாங்கி வைத்துவிட்டு, வெளியே போய் நடந்துவிட்டு வா என்றார். கோபமாக இல்லை. அது அவர் வேலை, அவ்வளவுதான்.

நடந்தேன். நியூபிளிஸ் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும், போக ஒரு மணி நேரம். நீங்களும் பார்த்திருப்பீர்கள், அந்த ஊரில் தொலைவு என்பதே கிடையாது. எங்கே திரும்பினாலும் ஒரு சின்னக் குன்று, அதைச் சுற்றி வந்தால் அடுத்தது. பனியுகத்துப் பனிப்பாளம் மண்ணை இழுத்துக் குவித்துவிட்டுப் போன மேடுகள். டிரம்லின் என்கிறார்கள், முதுகு என்பதற்கான ஐரிஷ் சொல்லிலிருந்து வந்த பெயர், அதை உலகம் முழுக்க நிலவியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எதிரே வருகிற டிராக்டர்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார், நீங்களும் காட்டுங்கள். சாணிக் கரைசல் அடித்திருக்கிற வயலாக இருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேகமாகக் கடந்துவிடலாம்.

இப்போது மே மாதம், வேலியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருக்குமே, அந்தப் பூவை ஒடித்து அறைக்குக் கொண்டுவராதீர்கள். நான் கொண்டுவந்து தம்ளரில் வைத்தேன். அதே சமையலறை அம்மா பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எடுத்துப்போய் வெளித் திண்ணையில் வைத்தார். ஹாதார்ன் பூ வீட்டுக்குள் வந்தால் ஆகாது, தனியாக நிற்கிற ஹாதார்ன் மரத்தில் கைவைத்தால் அதைவிட ஆகாது, அது வேறு ஆட்களுடைய மரம், கண்ணுக்குத் தெரியாதவர்களுடையது. எனக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. இசக்கி நிற்கிற மரத்தைச் சுற்றிக்கொண்டு ஸ்கூலுக்குப் போன ஆள் நான்.

இனி முக்கியமான விஷயம். அங்கிருந்து குளோனெஸ் என்ற ஊர் பக்கம்தான். வாரக் கடைசியில் யாராவது கார் எடுத்தால் ஒட்டிக்கொண்டு போய்விடுங்கள். எனக்கு நாகர்கோவில். 1820-களில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அங்கே பெண்களுக்கு லேஸ் சொல்லிக்கொடுத்ததையும், அவர் மகள் எலைசா கால்டுவெல் அதை இடையன்குடிக்குக் கொண்டுபோனதையும் கேட்டு வளர்ந்தவள், அதனால் குளோனெஸ் லேஸ் என்று காதில் விழுந்ததும் போயே ஆக வேண்டும் என்று போனேன். கதை ஏறக்குறைய அதேதான். 1845-ல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து பஞ்சம். பத்து லட்சம் பேர் செத்தார்கள், இன்னொரு பத்து லட்சம் பேர் நாட்டைவிட்டுப் போனார்கள். 1847 வாக்கில் அந்த ஊருக்கு வந்த பாதிரியாரின் மனைவி கசாண்ட்ரா ஹேண்ட், ஒரு ஆசிரியையை வரவழைத்து, ஊர்ப் பெண்களுக்குக் குரோஷே பின்னல் சொல்லிக்கொடுக்க ஏற்பாடு செய்தார். நூலும் ஊசியும் போதும், அடுப்பு பக்கத்தில் உட்கார்ந்தே செய்யலாம்.

அதைச் செய்த விதத்தைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு பெண் முழுத் துணியைப் பின்னுவதில்லை. ஒரு வீட்டில் ரோஜா, இன்னொரு வீட்டில் இலை, இன்னொரு வீட்டில் திராட்சைக்குலை. மாட்டுக்கும் பிள்ளைக்கும் நடுவே கிடைக்கிற நேரத்தில் ஒரு பூ. அப்படிச் சேர்ந்த பூக்களையெல்லாம் வேறொருத்தி வாங்கி, படம் வரைந்த துணிமேல் முகம் குப்புற வைத்துத் தைப்பாள். குப்புற, கவனியுங்கள். அப்புறம் பூவுக்கும் பூவுக்கும் நடுவே இருக்கிற வெற்றிடத்தைச் சின்னச் சின்ன முடிச்சு வைத்த வலையால் நிரப்புவாள். அந்த முடிச்சுக்குத்தான் குளோனெஸ் முடிச்சு என்று பெயர். எனக்கு ஒரு பாட்டி போட்டுக் காட்டினார். ஊசிமேல் நூலை முன்னும் பின்னுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றி, ஒரே இழுப்பில் அத்தனைக்கும் ஊடே நூலை உருவுகிறார், மிளகு அளவுக்கு ஒரு உருண்டை விழுகிறது. வேலை முடிகிற வரை பின்பக்கம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். தையலைப் பிரித்து எடுத்துத் திருப்பும்போதுதான் பூ தெரியும்.

ச., நீங்கள் ஆறு வருடமாக வவுச்சர் பின்னால் செய்தது ரோஜாவும் இலையும். காலை நாலரை மணிக்குச் செய்கிற வேலை அது. அதற்குக் குக்கர் விசில் வேண்டும்தான், நேரம் முடியப்போகிறது என்ற பதற்றமும் வேண்டும். அதையே முழு நாளில் செய்யப் பார்க்கிறீர்கள், அதனால்தான் வரவில்லை. முழு நாள் கோப்பதற்கான நேரம். வீட்டில் உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காத நேரம், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் விரித்துவைக்க அங்கே தரையே கிடையாது. பிள்ளைகள் வந்து மிதித்துவிடுவார்கள். இப்போது உங்கள் அறைத் தரை இருக்கிறது. போனில் இருப்பது, வவுச்சரில் இருப்பது எல்லாவற்றையும் தனித்தனித் தாளில் எழுதி, கட்டில்மேலும் தரையிலும் பரப்புங்கள். படித்துப் பார்த்து எது நன்றாக இருக்கிறது என்று தேடாதீர்கள். எதற்குப் பக்கத்தில் எது வரும் என்று மட்டும் பாருங்கள். நான் பரப்பியபோது அறுபத்து மூன்று தாள் வந்தது, இரண்டு நாள் அதற்குள்ளேயே முட்டிபோட்டு நகர்ந்தேன். அப்பா கடையைப் பூட்டுகிற காட்சியை வேறு வேறு வருடங்களில் நான்கு தடவை எழுதியிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது. முதல் மூன்றிலும் அம்மா வாசலில் நிற்கிறார். நாலாவதில் இல்லை. அம்மா இறந்த வருடம் எழுதியது அது. என் நாவல் அந்த நாலாவது தாளிலிருந்துதான் தொடங்கியது.

அப்புறம் உங்கள் தூக்கம். பன்னிரண்டு மணிக்கு முழிப்பு வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடையில் அயர்லாந்து நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால். அங்கே நடுராத்திரி பன்னிரண்டு என்றால் கோவில்பட்டியில் காலை நாலரை. உடம்பு தவறாமல் உங்களை எழுதத்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறது, நீங்கள் தூக்கம் வரவில்லை என்று புரண்டு படுத்திருக்கிறீர்கள். எழுந்துவிடுங்கள். அலாரத்தை ஒன்றே காலுக்கு வையுங்கள், உங்கள் ஐந்தே முக்கால் அது. அடித்ததும் பேனாவை மூடிவிட்டுப் படுங்கள், வாக்கியம் பாதியில் நின்றாலும் சரி. பகலில் தாள்களைக் கோத்துப் பாருங்கள், மாலையில் நடங்கள், ஏழுக்குச் சாப்பாட்டு மேசையில் இருங்கள். பிள்ளைகளிடம் பேசுவதைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள், அங்கே நாலு மணி என்றால் இங்கே எட்டரை, அவர்கள் தூங்கப்போகிற நேரம்.

ராத்திரி இறங்கி வரும்போது மாடிப்படியின் ஓரமாகக் கால் வையுங்கள், நடுவில் வைத்தால் பலகை சத்தம் போடும், பக்கத்து அறைக்காரர் எழுந்துகொள்வார். சமையலறையில் அந்தப் பெரிய அடுப்பு அப்போதும் சூடாகத்தான் இருக்கும். முதுகை அதில் சாய்த்துக்கொண்டு நின்று ஒரு டீ குடித்துவிட்டு உட்காருங்கள். மொத்தம் எத்தனை தாள் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா