கேளுங்கள் சொல்கிறேன்

கேள்வி: பூண்டி ஏரிக்குச் சத்தியமூர்த்தி பெயரை ஏன் வைத்தார்கள்? அவர் மேடைப் பேச்சாளர்தானே, இன்ஜினியர் இல்லையே?

பதில்: இன்ஜினியர் இல்லைதான், சென்னை மேயர். 1887-ல் திருமயத்தில் பிறந்து, வக்கீலாகி, டில்லி சட்டசபையில் வெள்ளைக்கார அதிகாரிகளைக் கேள்விகளால் துளைத்தெடுத்தவர். நாடகத்தில் வேஷம் கட்டி நடித்தவரும்கூட. 1939-ல் மேயரானார். அந்தக் காலத்தில் மேயர் பதவி ஒரு வருடம்தான். மாலை மரியாதைக்கே அது சரியாகிவிடும்!

ஆனால் ஊருக்குத் தண்ணீர் போதவில்லை. கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் ஒரு தடுப்பணை இருந்தது. ஆற்று நீரைச் சோழவரத்துக்கும் புழலுக்கும் திருப்பிவிடும், அவ்வளவே. மழைக்கால வெள்ளத்தைப் பிடித்துவைக்க இடமில்லை; எண்ணூரில் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே பூண்டியில் அணை கட்டி அதைத் தேக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார் சத்தியமூர்த்தி.

நேரமோ மோசம். யுத்தம் தொடங்கிவிட்டது. 1939 அக்டோபரில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்துவிட, மாகாணம் கவர்னர் கைக்குப் போனது. காங்கிரஸ்காரர் ஒருவர் காரியம் சாதிக்க அந்தக் கவர்னரின் தயவு வேண்டும்! தண்ணீர் விஷயத்தில் அவர் ரோஷம் பார்க்கவில்லை. 1940-ல் அடிக்கல் நாட்டியவர் கவர்னர் ஆர்தர் ஹோப். என்னைக் கேட்டால், சத்தியமூர்த்தியின் அத்தனை பேச்சுகளையும்விட இந்த ஒரு காரியமே பெரிது.

1942-ல் மறுபடி சிறை. மத்திய மாகாணத்து அமராவதிக்குக் கொண்டுபோகும்போது முதுகெலும்பில் அடி. 1943 மார்ச் 28-ல் சென்னை பெரியாஸ்பத்திரியில் காலமானார். ஏரி திறந்தது 1944-ல். அவர் பார்க்கவில்லை.

கேள்வி: சிவப்பு அங்கி, தங்கச் சங்கிலி தவிர மேயருக்கு அதிகாரம் ஏதாவது உண்டா?

பதில்: மன்றக் கூட்டத்துக்குத் தலைமை அவர்தான். ஆனால் நிர்வாகம் கமிஷனர் கையில். கமிஷனரை நியமிப்பது அரசு. அதனால் கோட்டையில் செல்வாக்குள்ள மேயருக்குக் கோப்பு ஓடும், மற்றவருக்கு நகரும். 1973-லிருந்து 1996 வரை சென்னைக்கு மேயரே கிடையாது, அதிகாரிகளே ஊரை நடத்தினார்கள்! 1996-ல் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டு ஸ்டாலினைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022-ல் அப்படி இல்லை, கவுன்சிலர்கள் கூடித்தான் பிரியாவை மேயராக்கினார்கள். நேரடித் தேர்தல்தான் சரி என்பது என் கட்சி. ஊரே ஓட்டுப் போட்ட ஆளிடம் கமிஷனரும் கொஞ்சம் நின்று பேசுவார்.

கேள்வி: சென்னையின் முதல் பெண் மேயர் பிரியாதானே?

பதில்: இல்லை. தாரா செரியன், 1957-லேயே. அப்புறம் எழுபதுகளின் தொடக்கத்தில் காமாட்சி ஜெயராமன். பிரியா மூன்றாவது.