வலிக்கிற தோளும் கனக்கிற வில்லும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு வயது 38, உயரம் 6 அடி. கோவையில் வங்கி வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வில்வித்தை பழகுகிறேன். ஒரே மூச்சில் நூறு அம்பு விட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நண்பர் கொடுத்த பழைய ரிகர்வ் வில் (நுனிகள் முன்பக்கம் வளைந்த வகை). 30 பவுண்ட் என்று போட்டிருக்கிறது. இப்போது சட்டை மாட்டக் கையைத் தூக்கினாலே இடது தோளின் மேல்பக்கம் சுரீர் என்கிறது. நான் வலது கையால் நாண் இழுப்பவன். இழுக்கிற கை நன்றாக இருக்கும்போது வில் பிடிக்கிற கை ஏன் வலிக்க வேண்டும்?

பதில்: உயரத்தை எழுதியது நல்லதாகப் போயிற்று. வில்லின் கீழ் லிம்பில், அதாவது கைப்பிடிக்குக் கீழே வளைகிற பகுதியில், அச்சிட்டிருக்கும் பவுண்ட் கணக்கு, நாணை 28 அங்குலம் இழுத்தால் வரும் எடை. அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 2 பவுண்ட் கூடும். 6 அடி ஆள் 30 அங்குலம் வரை இழுப்பது சாதாரணம். அப்படியானால் உங்கள் கைக்கு அந்த வில் 34 பவுண்ட், அதாவது பதினைந்து கிலோவுக்கு மேல். நூறு அம்பு என்றால் கூட்டிப் பாருங்கள், ஒன்றரை டன். வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் இருந்த தோள் ஏழாவது நாள் அதைத் தாங்கியாக வேண்டும்.

இனி இடது கை விஷயம். நாணை இழுக்க இழுக்க அதே அளவு விசை வில் வழியாக இடது உள்ளங்கைக்குள் அழுத்துகிறது; அங்கிருந்து முழங்கை, தோள் என்று பின்னால் தள்ளுகிறது. தோள் கீழே இறங்கி உட்கார்ந்திருந்தால் கை எலும்பும் முதுகுப் பக்கத்துத் தோள்பட்டை எலும்பும் ஒரே கோட்டில் நின்று அந்தத் தள்ளலை வாங்கிக்கொள்ளும். வில் கனமாக இருந்தால் உடம்பு வேறு வழி தேடும். தோள் காதை நோக்கி ஏறும், இடுப்பு முன்னால் தள்ளும், மேல் உடம்பு பின்னால் சாயும். ஏறிய தோளில் மேல்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும் அதற்கு மேலே கூரையாக இருக்கும் எலும்புக்கும் நடுவில் இடம் குறையும். சுப்ராஸ்பைனேடஸ் என்ற சிறு தசையின் நார் அந்த இடுக்கு வழியாகத்தான் போகிறது. அம்புக்கு அம்பு அது நசுங்கினால் வீங்கும், வீங்கினால் இன்னும் நசுங்கும். கையைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். பாதி உயரத்தில் வலித்து, தலைக்கு மேலே போனதும் வலி விட்டுவிட்டால் பெரும்பாலும் இந்த இடுக்குத்தான் காரணம்.

ஆனால் கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய எனக்கு உரிமை இல்லை. சட்டை மாட்டவே வலிக்கிறது என்றால் வில்லை ஓரமாக வைத்துவிட்டு எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ இந்த வாரமே பாருங்கள். ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, விரல் மரத்துப்போகிறது, கை தூக்கவே வரவில்லை என்றால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சிரைப்பு சேர்ந்து வந்தால் வில்லை மறந்துவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

மருத்துவர் சரி என்ற பிறகு வில்லுக்கு வருவோம். கழற்றி மாட்டும் வில்லாக இருந்தால் ரைசரை (நடுவில் இருக்கும் கைப்பிடிப் பகுதியை) மாற்ற வேண்டாம், லிம்ப் மட்டும் மாற்றினால் போதும். உங்கள் இழுப்பில் 20 பவுண்ட் அல்லது அதற்கும் கீழே வருவது மாதிரி வாங்குங்கள். பயணப் பெட்டியை எடை பார்க்கும் கொக்கித் தராசு என் பையில் எப்போதும் இருக்கும். அதை நாணில் மாட்டி, உங்கள் தாடை வரைக்கும் வரும் தூரத்துக்கு மெதுவாக இழுத்தால் உண்மையான எடை தெரிந்துவிடும். சில நூறு ரூபாய்ச் சாமான். திரும்பவும் மெதுவாகத்தான் விட வேண்டும். அம்பு இல்லாமல் நாணை விட்டால் லிம்ப் உடையக்கூடும்.

“20 பவுண்டா? அது சின்னப் பிள்ளைங்க வில்லாச்சே” என்று உங்கள் வயது ஆண்கள் முகம் சுளிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். 18 மீட்டர் இலக்குக்கு அந்த வில் தாராளம். 70 மீட்டருக்கு விடுகிற ஒலிம்பிக் வீரர்கள் 40 பவுண்டுக்கு மேல் இழுக்கிறார்கள் என்றால், அவர்கள் பல வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தவர்கள்.

வில் பொருத்தமா என்று பார்க்க நான் செய்வது இதுதான். அம்பு மாட்டி, இலக்கைப் பார்த்து, முழுசாக இழுத்து மனதுக்குள் பத்து எண்ணச் சொல்வேன். என் இரண்டு விரல் அவர் இடது தோளின் உச்சியில் இருக்கும். ஐந்து எண்ணுவதற்குள் விரலை அந்தத் தோள் மேலே தள்ளினால் வில் கனம். தள்ளவில்லை, மெதுவாகத் திரும்ப இறக்கவும் முடிகிறது என்றால் அந்த வில்லில் பழகலாம்.

நிற்கும் முறையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்த வேண்டாம். வில்லைத் தூக்குவதற்கு முன்பே தோளை இறக்கிவிடுங்கள், அதுதான் முதல் பாடம். வில்லை இறுக்கிப் பிடிக்காதீர்கள். கட்டைவிரலின் அடிமேட்டில் கைப்பிடி அழுந்தினால் போதும், மற்ற விரல்கள் தளர்ந்திருக்கட்டும், வில் விழாமல் இருக்க விரலில் மாட்டும் கயிறு இருக்கிறது. இடது முழங்கையின் உட்குழி வானத்தைப் பார்க்காமல் வலப்பக்கம் பார்க்கும்படி திருப்புங்கள். நாண் முன்கையில் அடிப்பதும் இதனால் நிற்கும். வில்லை வானத்துக்கு உயர்த்தி அங்கிருந்து இழுத்து இறக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். இலக்கின் உயரத்துக்கோ கொஞ்சம் மேலேயோ தூக்கி, வலது முழங்கையைப் பின்னால் கொண்டுபோவதாக நினைத்து இழுங்கள். நாண் மூக்கு நுனியையும் தாடையையும் தொடும்போது வலது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகர்வதை நீங்களே உணர வேண்டும்.

அப்புறம் அந்த நூறு அம்பு. வாரம் மூன்று நாள், நாளுக்கு முப்பது அம்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. மூங்கில் வில்லில், இந்தியன் ரவுண்ட் என்ற நம் நாட்டுப் போட்டி வகை பழகுகிறாள். போன வருடம் வலியே இல்லை. அதே வில்தான், இப்போது வலது தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்கிறாள். சாக்குச் சொல்கிறாளோ? (ஒரு தாய், மதுரை)

பதில்: சாக்கு இல்லைம்மா, நம்புங்கள். வில் அதேதான், பிள்ளை அதே இல்லை. வளர்ந்திருக்கிறாள், கை நீண்டிருக்கிறது, நாணை இன்னும் தூரம் இழுக்கிறாள். மேலே சொன்ன கணக்குப்படி, ஒரு பவுண்டு கூட மாற்றாமலே அவள் வில் கனமாகிவிட்டது. மூங்கில் வில்லில் திருகாணி திருப்பி எடை குறைக்க வழி கிடையாது. இளகுவான வேறு வில் வேண்டும். பயிற்சியாளரிடம் தராசு வைத்து எடை பார்க்கச் சொல்லுங்கள்.

முன்பக்கம் வலிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதுகால் இழுக்காமல் கையை மடக்கி இழுக்கும் பிள்ளைகளுக்கு முழங்கை அம்பின் கோட்டுக்கு வெளியே, நெஞ்சுக்கு முன்னாலேயே நின்றுவிடும். அப்போது பாரம் முழுவதும் தோளின் முன்பக்கத்தில்தான் இறங்கும். செல்போனில் அவளுக்குப் பின்னால் நின்று ஒன்று, பக்கத்தில் நின்று ஒன்று என்று வீடியோ எடுங்கள். வலது முழங்கை அம்புக்கு நேர் பின்னால் வந்திருக்கிறதா என்று அவளையே பார்க்கச் சொல்லுங்கள்.

வளர்கிற வயதில் எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு திறந்திருக்கும். பெரியவர்களுக்குத் தசைநாரில் வருகிற கோளாறு பிள்ளைகளுக்கு அங்கே வரலாம். ஆகவே போட்டி நெருங்குகிறது என்று யார் சொன்னாலும் வலியோடு விட வைக்காதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தைலம் தேய்த்துக்கொண்டு, வலி மாத்திரை போட்டுக்கொண்டு பயிற்சியைத் தொடரலாமா? (ஒரு கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

பதில்: கூடாது. மாத்திரை போட்டால் வலி தெரியாது, தோள் ஏறுவது மட்டும் நிற்காது. அந்த நேரத்தில் உடற்பயிற்சிக்கான ரப்பர் பேண்ட் வாங்கி வேறு வேலை செய்யுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, பேண்டை வெளிப்பக்கம் மெதுவாக இழுத்து மெதுவாகவே விடுங்கள், இரண்டு கைக்கும். பிறகு சுவரில் கை ஊன்றி தண்டால் மாதிரி எடுத்து, கடைசியில் முழங்கையை மடக்காமல் முதுகை இன்னும் ஒரு அங்குலம் பின்னுக்குத் தள்ளுங்கள். தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைக்கு அது வேலை. செய்யும்போது வலித்தால் அதையும் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். வலி போன பின் அதே பேண்டை வில்லாக நினைத்து, கண்ணாடி முன் நின்று தோளைப் பார்த்தபடி இழுத்துப் பழகுங்கள். வில்லை எடுப்பது அதற்கு அடுத்த வாரம்.