சுவிட்சுக்குக் காது கேட்கிறதா?

மாங்கூழ் சீசன் உச்சத்தில் ஆலையின் கணினிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முடங்கின. கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் விளக்குகள் அத்தனையும் ஒன்றாகத் துடிக்கின்றன. அணைத்துப் போட்டாலும் சற்று நேரத்தில் அதே கதை. தரவு ஒரே வட்டத்தில் சுற்றும் லூப்பைத் தடுக்க ஸ்பானிங் ட்ரீ என்ற நெறிமுறையைப் போட்டுத்தான் வைத்திருக்கிறோம். பிறகு எப்படி லூப் வந்தது? (காவேரிப்பட்டணம்)

முதலில் எடைமேடை அறைக்குப் போய் மேசைக்கடியில் குனிந்து பாருங்கள். இதே போன்ற ஓர் ஆலைக்கு ஒரு ஜூன் மாதம் என்னை அழைத்தார்கள். மாங்காய் லாரிகள் சாலை வரை நின்றன, எடைச் சீட்டு ஒன்றும் வரவில்லை. மேசைக்கடியில், தூசி படிந்த எட்டு போர்ட் சின்ன சுவிட்ச் ஒன்று. கூட்டிப் பெருக்க வந்தவர் தரையில் கிடந்த கேபிள் முனையை எடுத்து, காலித் துளையில் அக்கறையாகச் செருகிவிட்டார். மறுமுனையும் அதே சுவிட்சில்தான் இருந்தது.

ஸ்பானிங் ட்ரீ வழக்கமாக 2 நொடிக்கு ஒருமுறை பி.பி.டி.யு. என்ற சிறு செய்தியை அனுப்புகிறது. தான் அனுப்பியது தனக்கே திரும்பி வந்தால் லூப் என்று புரிந்துகொண்டு போர்ட்டை அடைக்கும். விலை குறைந்த சுவிட்சுகளில் சில இந்தச் செய்தியைக் கடத்தும், சில விழுங்கிவிடும். விழுங்கினால் பெரிய சுவிட்சுக்கு ஒன்றும் கேட்காது, பி.பி.டி.யு. வந்தால் போர்ட்டை அணைக்கும் பி.பி.டி.யு. கார்டு போட்டிருந்தாலும் பயனில்லை. மற்ற ஃபிரேம்களோ (தரவுப் பொட்டலங்கள்) உள்ளே சுற்றிக்கொண்டே இருக்கும். ஐ.பி. பாக்கெட்டுக்கு, இத்தனை தாவலோடு முடிந்தது என்ற ஆயுள் எண்ணிக்கை உண்டு, ஈதர்நெட் ஃபிரேமுக்கு அது கிடையாது.

பெரிய சுவிட்சின் பதிவில், ஒரே மேக் முகவரி (கருவியின் வன்பொருள் எண்) இரண்டு போர்ட்டுகளுக்கு இடையே தாவுவதாக எச்சரிக்கைகள் இருக்கும். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் போர்ட் எதுவோ, வில்லங்கம் அந்தப் பக்கம். சுவிட்சுக்குள் நுழையவே முடியாவிட்டால், கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, எப்போது விளக்குகள் அடங்குகின்றன என்று பாருங்கள். நாகரிகமான முறை இல்லைதான், ஆனால் கைவிட்டதில்லை. பிறகு அந்தப் போர்ட்டில் வெள்ளமாய் வரும் ஃபிரேம்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டார்ம் கன்ட்ரோலும், உங்கள் சுவிட்சில் இருந்தால் லூப் டிடெக்‌ஷனும் போடுங்கள்.

பள்ளி ஆய்வகக் கணினிகளைப் போட்டதும் அரை நிமிடம் ஐ.பி. முகவரி கிடைப்பதில்லை. ஸ்பானிங் ட்ரீயை நிறுத்திவிடச் சொல்கிறார்கள். (பாலக்கோடு)

நிறுத்தாதீர்கள். போர்ட் திறக்கும் முன் 15 நொடி கவனித்து, 15 நொடி கற்றுக்கொள்கிறது. அதுதான் உங்கள் அரை நிமிடம். கணினி இருக்கும் போர்ட்டுகளை மட்டும், காத்திராமல் உடனே திறக்கும் எட்ஜ் போர்ட் ஆக்கி, கூடவே பி.பி.டி.யு. கார்டும் போடுங்கள். மாணவன் ஒருவன் கேபிளால் இரண்டு போர்ட்டுகளை இணைத்தால் போர்ட் தானே அணைந்துவிடும்.

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே இரண்டு ஃபைபர் இணைப்புகள். சில நாட்களில் எல்லாம் நின்றுவிடுகிறது. ஒன்றைப் பிடுங்கினால் சரியாகிறது. ஆனால் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. (ஓசூர்)

நடுவில், ஃபைபரைத் தாமிரக் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்திருக்கிறீர்களா? என் சந்தேகம் அதன் மேல்தான். ஃபைபர் இணைப்பில் போக ஓர் இழை, வர ஓர் இழை. வரும் இழை மட்டும் பழுதானாலும், சுவிட்சின் பக்கத்துத் தாமிரக் கேபிள் நன்றாக இருப்பதால் விளக்கு எரியும்.

இரண்டு இணைப்புகள் சேர்ந்தால் லூப் என்பதால் ஸ்பானிங் ட்ரீ ஒன்றை அடைத்து வைக்கும். அடைபட்ட போர்ட், பி.பி.டி.யு. கேட்டுக்கொண்டிருக்கும் வரைதான் அடைபட்டிருக்கும். சத்தம் நின்றால், எதிரே யாரும் இல்லை என்று எண்ணிக் கதவைத் திறந்துவிடும். பழைய முறையில் 20 நொடி காத்திருப்பு, பிறகு இரண்டு 15 நொடிகள், ஆக 50 நொடியில் லூப். அதன் வேகமான புது வடிவமான ராபிட் ஸ்பானிங் ட்ரீ என்றால் மூன்று செய்திகள் தவறினாலே, அதாவது 6 நொடியில், பொறுமை போய்விடும். நெறிமுறை கெட்டுப்போகவில்லை, அதற்குக் காது அடைத்திருக்கிறது. நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

சோதிப்பது எளிது. அடைபட்ட போர்ட் பெற்ற பி.பி.டி.யு. எண்ணிக்கையைப் பாருங்கள், பத்து நொடி கழித்து மறுபடியும் பாருங்கள். ஐந்து ஏறியிருக்க வேண்டும். ஏறாவிட்டால் இழையையும் கன்வெர்ட்டரையும் மாற்றுங்கள். லூப் கார்டு போட்டால், சத்தம் நின்றாலும் போர்ட் திறக்காது. இரு முனைகளிலும் வசதி இருந்தால், ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் இணைப்பைக் கண்டறியும் யு.டி.எல்.டி.யும் போடலாம்.

புது சுவிட்சுகள் வாங்கியும் வேகம் இல்லை. (தர்மபுரி)

ஸ்பானிங் ட்ரீயில் தரவுப் பாதைகளுக்கெல்லாம் மையமான ரூட் சுவிட்ச் யார் என்று பாருங்கள். வாசலில் காவலர் அறையில் ஒரு பழைய சுவிட்ச் இருக்குமே, அதுவாக இருக்கலாம். பெரும்பாலான சுவிட்சுகள் 32768 என்ற ஒரே முன்னுரிமையோடு வருகின்றன. எண் சிறியதுதான் ரூட், சமமானால் மேக் முகவரி சிறியது ஜெயிக்கும், அது பெரும்பாலும் பழையது. 1985இல் கணினி விஞ்ஞானி ராடியா பெர்ல்மன் இந்த நெறிமுறையை வகுத்தபோது கேள்வி லூப் வராமல் பார்ப்பதுதான், வேகமான வழி அல்ல. அதனால்தான் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிறவர் தர்மபுரியைச் சுற்றிப் போவது போல, உங்கள் தரவு காவலர் அறை வழியாகப் போகிறது. நடுச் சுவிட்சுக்கு 4096, அதற்கு அடுத்ததற்கு 8192 என்று முன்னுரிமை கொடுங்கள். காவலர் அறைக்குப் போகும் போர்ட்டில், அந்தப் பக்கத்து சுவிட்ச் ரூட் ஆகாமல் தடுக்கும் ரூட் கார்டு போட்டுவிடுங்கள்.