கேஷும் காசும்

அன்புள்ள ஐயா,

நண்பர்களுக்குள் ஒரு சண்டை. ஆங்கில ‘கேஷ்’ நம்ம காசுதான், கப்பலேறிப் போய்விட்டது என்கிறேன் நான். அதெல்லாம் பிரெஞ்சுச் சொல் என்கிறான் ஒருவன். பிரியாணி பந்தயம் கட்டியிருக்கிறோம். தீர்ப்பு வேண்டும்.

க.

அன்புள்ள க.,

பிரியாணியை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டியிருக்கும். ஆனால் பாதிப் பணத்தை நண்பரிடம் கேட்கலாம், நியாயம் இருக்கிறது.

ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. கடையில் ‘கேஷா, கார்டா?’ என்கிறார்களே, அது லத்தீன் ‘கப்சா’வின் வழிவந்தது. கப்சா என்றால் பெட்டி. (நாம் விடும் கப்சா வேறு.) இத்தாலிய, பிரெஞ்சு மொழிகள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போனபோது பணப்பெட்டி என்ற பொருளும் அதற்கு இருந்தது. அப்புறம் பெட்டி மறைந்து, உள்ளே இருந்த பணம் மட்டும் நின்றுவிட்டது. ‘படம் கல்லா கட்டியது’ என்னும்போது நாம் மட்டும் கல்லாப்பெட்டியையா நினைக்கிறோம்?

இன்னொரு கேஷ் நம்முடையது. போர்ச்சுகீசியர் நம் காசைக் ‘கைஷா’ என்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் மொழியில் கைஷா என்றாலும் பெட்டிதான். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கி, கீழை நாடுகளின் சில்லறைக்கெல்லாம் அந்தப் பெயரை ஒட்டினார்கள். நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசை ஆங்கிலத்தில் இன்றும் கேஷ் என்றுதான் சொல்கிறார்கள்.

கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) காலத்துச் சென்னையில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பேரம் பேசுபவனுக்கு மனக்கணக்கு நன்றாக வந்திருக்க வேண்டும். 1803இல் பர்மிங்காமின் சோஹோ ஆலையில் இதற்காக அடித்த செப்புக்காசுகளிலேயே ‘கேஷ்’ என்று பொறித்திருக்கிறது. 1809 ஜனவரியில் அப்படிப்பட்ட காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் இங்கிலாந்துக் கரையைத் தாண்டாமலே குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. இங்கே வர வேண்டிய சில்லறை டன் கணக்கில் கடலுக்குள் போனது.

காசின் வயதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். கிளி அலகில் கவ்விய வேப்பம்பழத்தைப் பார்த்து, புது நூலில் கோப்பவன் நகத்தில் பிடித்த பொற்காசு என்று குறுந்தொகைத் தலைவி சொல்லிவிட்டாள். அப்போது ஆங்கிலம் என்ற மொழியே கிடையாது.

பந்தயத்தில் ‘சென்னையில் அந்தக் காலத்தில் புழங்கிய கேஷ்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருந்தால் முழு பிரியாணியும் உங்களுக்கே.